பீடி, ஹான்ஸ், வெற்றிலை: விடவைக்கும் வேலையை மாணவருக்குப் பழக்குவது

பல் மருத்துவக் கல்லூரி ஓ.பி.யில் எந்த கேஸ் ஷீட்டை எடுத்தாலும் 'பழக்கங்கள்' என்று ஒரு கட்டம் இருக்கும். மூன்றாம் ஆண்டு மாணவர் அதில் 'பீடி, நாளுக்கு ஒரு கட்டு, 20 வருடம்' என்று எழுதிவிட்டு நேரே சொத்தைப் பல்லுக்குப் போய்விடுவார். ஷீட்டின் கடைசியில், சிகிச்சைத் திட்டத்துக்கும் கீழே, 'புகையிலையை நிறுத்த அறிவுறுத்தப்பட்டது' என்று ஒரு வரி வரும். நோயாளி நாற்காலியில் உட்காரும் முன்பே அந்த வரியை எழுதி வைத்துவிடுகிறவர்களும் உண்டு. ஸ்கேலிங் செய்ததாக இப்படி எழுதி வைக்க யாருக்கும் துணிச்சல் வராது. முடிந்ததும் ஆசிரியர் வந்து ப்ரோபை விட்டுத் தடவிப் பார்ப்பார் என்று தெரியும். இந்த வரியை யாரும் தடவிப் பார்ப்பதில்லை.

புகையிலையின் கேடுகளை உங்கள் மாணவருக்கு மறுபடி பாடம் நடத்த வேண்டியதில்லை. வாய் நோய்க்குறியியல் தேர்வுக்கு அவர் படித்ததே ஏராளம். நோயாளியிடம் அதை ஒப்பிக்கக் கூடாது என்று தடுப்பதுதான் பெரும்பாடு. பழக்கத்தை விடவைப்பது ஒரு சிகிச்சை. பல் பிடுங்குவதற்கு இருப்பதுபோல அதற்கும் படிகள், மருந்தளவு, மறுவருகை எல்லாம் உண்டு. பிடுங்குவதை எப்படிச் சொல்லித்தருகிறீர்களோ அப்படியே, செய்து காட்டி, பக்கத்தில் நின்று செய்யவைத்து, மதிப்பெண் போட்டு இதையும் சொல்லித்தர வேண்டும். இந்த அத்தியாயம் அதற்கானது.

முதலில் கோட்டா

இறுதியாண்டு மாணவருக்கு இத்தனை பிடுங்கல், இத்தனை ஸ்கேலிங், இத்தனை பல்செட் என்று கோட்டா இருக்கிறது. கோட்டாவில் இல்லாத வேலை நடக்காது. மாணவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மாலை 4 மணிக்குள் கையெழுத்து வாங்கியாக வேண்டும் என்ற நிலையில் நாமும் அதையேதான் செய்திருப்போம். ஆகவே உங்கள் துறைத் தலைவரிடம் பேசி, புகையிலை ஆலோசனை 5 நோயாளிகள் என்றாவது பதிவேட்டில் ஏற்றுங்கள். வாய் மருத்துவத் துறையும் பொதுச் சுகாதாரப் பல் மருத்துவத் துறையும் ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

'நேரமில்லை' என்பது அடுத்த சாக்கு. கல்லூரி ஓ.பி.யில் நேரத்துக்குப் பஞ்சமே இல்லை. மாணவர் ஒரு படியை முடித்துவிட்டு, ஆசிரியர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடட்டும் என்று காத்து நிற்கும் பத்துப் பதினைந்து நிமிடம் ஒவ்வொரு நாற்காலியிலும் வீணாகிறது. நோயாளி விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார், மாணவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். இந்த ஆலோசனைக்கு உரிய இடம் அதுதான். மரப்பு ஊசி போட்ட பிறகு பேச்சைத் தொடங்க வேண்டாம். உதடு மரத்தவர் தலையாட்டுவாரே ஒழிய வாய் திறக்க மாட்டார்.

நம்மிடம் வேறொரு வசதியும் இருக்கிறது. பொது மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்த்து மாத்திரை எழுதினால் அவர் திரும்பி வருவது நிச்சயமில்லை. வேர் சிகிச்சைக்கும் முழுப் பல்செட்டுக்கும் வருகிறவரோ அதே மாணவரிடம் திரும்பத் திரும்ப வந்தே தீர வேண்டும். போதாததற்கு, பழக்கம் என்ன செய்திருக்கிறது என்பதைக் கைக்கண்ணாடி பிடித்து அவர் வாயிலேயே காட்டலாம். நுரையீரல் மருத்துவருக்கு இந்த வசதி கிடையாது.

2002இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் உதவியோடு நாட்டில் 13 புகையிலை நிறுத்த மையங்கள் தொடங்கப்பட்டபோது சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமும் அவற்றில் ஒன்று. பல் மருத்துவக் கல்லூரிகளில் இப்படி மையம் அமைப்பதற்கான வழிகாட்டுதலை மத்திய சுகாதார அமைச்சகம் 2018இல் வெளியிட்டது. மையம் வேண்டியதுதான். ஆனால் மையம் என்றதும் ஓர் அறை, ஒரு பலகை, ஆய்வுக்குழு வரும் அன்று திறக்கும் ஒரு பூட்டு என்று முடிந்துபோவதையும் பார்த்திருக்கிறோம். 'மூன்றாவது மாடிக்குப் போங்க' என்று அனுப்பிய நோயாளிகளில் எத்தனை பேர் மாடி ஏறினார்கள் என்று ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள். முதல் பேச்சு நாற்காலியிலேயே நடக்க வேண்டும். கடுமையாக அடிமைப்பட்டவரை மட்டும் மாணவரே கூட்டிக்கொண்டு மையத்துக்குப் போக வேண்டும்.

கேட்கத் தெரிய வேண்டும்

உலகெங்கும் சொல்லித்தரப்படும் ஐந்து படிகள் உங்களுக்குத் தெரிந்தவை: கேள், சொல், எடைபோடு, உதவு, மறுவருகைக்கு ஏற்பாடு செய். மாணவர்கள் இந்த ஐந்தையும் ஒரு மூச்சில் ஒப்பிப்பார்கள். நடைமுறையில் முதல் படியிலேயே சறுக்குகிறார்கள்.

காரணம், பாடநூல் சிகரெட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. இந்தியாவில் 2016-17இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி பெரியவர்களில் 28.6 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துகிறார்கள், புகைப்பவர்கள் 10.7 சதவீதம், புகையாத வடிவில் எடுப்பவர்கள் 21.4 சதவீதம். மெல்லுகிறவர், அடக்கிக்கொள்கிறவர் தொகை இரண்டு மடங்கு. 'ஸ்மோக் பண்ணுவீங்களா?' என்று கேட்டு 'இல்ல' என்ற பதிலோடு நிறுத்தும் மாணவர், கீழ் உதட்டுக்குள் ஹான்ஸ் அடக்கியிருந்த தழும்பைக் கண்ணால் பார்த்துக்கொண்டே கட்டத்தில் 'பழக்கம் இல்லை' என்று எழுதுகிறார்.

பொருளின் பெயரைச் சொல்லிக் கேட்கப் பழக்குங்கள். பீடி, சிகரெட், ஹான்ஸ், கூல் லிப், மாவா, பான், மூக்குப்பொடி என்று ஒவ்வொன்றாக. வெற்றிலை போடும் பாட்டியிடம் 'புகையிலை பழக்கம் உண்டா?' என்றால் 'அதெல்லாம் இல்லப்பா, வெத்தலதான்' என்பார். அவர் பொய் சொல்லவில்லை. வெற்றிலையோடு சேரும் துண்டுப் புகையிலை அவர் கணக்கில் ஒரு பழக்கமே அல்ல. 'வெத்தலையோட என்னென்ன சேப்பீங்க பாட்டி? சுருக்குப்பையைக் கொஞ்சம் காட்டுங்க' என்றால் எல்லாம் வந்துவிடும். குட்கா வகைகளுக்குத் தமிழ்நாட்டில் 2013இல் தடை வந்ததால் அந்தப் பெயர்களைச் சொல்லத் தயங்குவார்கள். போலீசுக்குச் சொல்ல மாட்டோம் என்பது நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

பாக்கையும் கணக்கில் சேர்க்க வேண்டும். புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும், பாக்கு மட்டுமேகூடப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கையிலேயே வகைப்படுத்திவிட்டது. வாய் இறுகித் திறக்க முடியாமல் போகும் சளிச்சவ்வு நார்த்திசு நோய்க்குப் பாக்குத்தான் முதல் காரணம். மூன்று விரல் நுழையாத வாயோடு வரும் 22 வயதுப் பையனிடம் 'புகையிலை இல்லாத பாக்குதான் டாக்டர்' என்ற பதில் வந்தால் மாணவர் நிம்மதிப் பெருமூச்சு விடக் கூடாது.

இன்னொன்று, கூட வந்தவர்கள். அம்மா பக்கத்தில் நிற்கும்போது கல்லூரிப் பையன் எதையும் ஒப்புக்கொள்ள மாட்டான். மனைவி நின்றால் கணவர் வாய் திறக்கும் முன்பே அவர் பதில் சொல்லத் தொடங்குவார், அது சண்டையில் போய் முடியும். எக்ஸ்ரே எடுக்கப் போகும் வழியில் தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். தென்காசி, திருநெல்வேலி, வேலூர்ப் பக்கக் கல்லூரிகளில் நோயாளியின் வீட்டில் பீடி சுற்றுவதே பிழைப்பாக இருக்கலாம். அங்கே பீடியைத் திட்டினால் அந்த வீட்டு அடுப்பைத் திட்டியதாகிவிடும்.

இரண்டு கேள்வியில் எடை போடலாம்

நிகோடினுக்கு எவ்வளவு அடிமை என்று பார்க்க ஃபாகர்ஸ்ட்ரோம் அளவுகோலில் ஆறு கேள்விகள் உண்டு. ஓ.பி. நெரிசலில் இரண்டு போதும். காலையில் எழுந்து முதல் புகை எத்தனை நிமிடத்தில்? 5 நிமிடத்துக்குள் என்றால் 3 புள்ளி, 30க்குள் 2, ஒரு மணி நேரத்துக்குள் 1, அதற்கும் மேல் 0. நாளுக்கு எத்தனை? 10 வரை 0, 20 வரை 1, 30 வரை 2, அதற்கு மேல் 3. கூட்டினால் 5, 6 வருகிறவர் கடும் அடிமை. அவருக்கு வெறும் பேச்சு போதாது. இந்தப் புள்ளிகள் சிகரெட்டுக்கு வகுக்கப்பட்டவை. பீடி குடிப்பவர் 'ஒரு கட்டு' என்றால் அந்தக் கட்டில் எத்தனை என்று கேட்க வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எண்ணிக்கையில் குழப்பம் வந்தால் முதல் கேள்வியை நம்பலாம்.

நடித்துப் பழகுவது

வகுப்பறையில் செய்ய வேண்டியது இதுதான். மூன்று மூன்று பேராகப் பிரியுங்கள்: ஒருவர் மருத்துவர், ஒருவர் நோயாளி, ஒருவர் பார்வையாளர். நோயாளிக்கு ஒரு அட்டை கொடுங்கள். என்னிடம் நான்கு அட்டைகள் உண்டு: மூட்டை தூக்குகிறவர், உதட்டில் கூல் லிப் வைக்கும் பாலிடெக்னிக் பையன், வெற்றிலைப் பாட்டி, மூன்று மாதம் விட்டிருந்து மறுபடி தொடங்கிய ஆட்டோ ஓட்டுநர். முதல் சுற்றில் நீங்களே நோயாளியாக உட்காருங்கள். ஆசிரியர் அசடு வழிந்தால்தான் மாணவருக்குக் கூச்சம் விடும்.

முதல் முயற்சி எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும். 'பீடி குடிச்சா கேன்சர் வரும் தெரியுமா?' 'தெரியும் சார்.' 'தெரிஞ்சும் ஏன் குடிக்கிறீங்க?' அதற்குமேல் நோயாளிக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. 'விட்டுர்றேன் சார்' என்று ஒரு வார்த்தை சொல்லித் தப்பித்துக்கொள்வார். மாணவர் அதை வெற்றி என்று எழுதிக்கொள்வார். இதை நடக்கவிடுங்கள், குறுக்கே புகாதீர்கள். முடிந்ததும் நோயாளியாக நடித்தவரிடம் மட்டும் கேளுங்கள்: 'உனக்கு எப்படி இருந்துச்சு?' ஹெட்மாஸ்டர் அறையில் நின்றதுபோல் இருந்தது என்ற பொருளில்தான் பதில் வரும்.

பிறகு கீழே உள்ளதுபோல் ஒன்றை வாசித்துக் காட்டுங்கள். நோயாளிக்கு 48 வயது, சந்தையில் மூட்டை தூக்குகிறார், கீழ்க் கடைவாய்ப் பல் எடுக்க வந்திருக்கிறார். மருத்துவர் பயிற்சி ஆண்டில் இருக்கும் பெண்.

'ஐயா, பல்லு எடுத்த இடம் ஆறணும்ல, அதுக்காகக் கேக்கறேன். பீடி, சிகரெட் ஏதாவது குடிப்பீங்களா?'

'பீடிதாம்மா. சின்ன வயசுலேர்ந்து.'

'நாளைக்கு எத்தனை ஆகும்?'

'ஒரு கட்டு ஆயிரும். லோடு அதிகமா இருந்தா ஒண்ணரை.'

'காலைல எந்திரிச்சு எவ்வளவு நேரத்துல மொத பீடி?'

'எந்திரிச்ச ஒடனே. அது உள்ள போனாத்தான வெளிக்கிப் போகும்.'

'இதுக்கு முன்னாடி எப்பவாச்சும் விட்டுருந்தீங்களா?'

'மலைக்கு மாலை போட்டப்ப விட்டேன். நாப்பத்தெட்டு நாளும் தொடல.'

'நாப்பத்தெட்டு நாளா! எப்பிடிய்யா தாக்குப் பிடிச்சீங்க?'

'சாமி காரியம்ல. கூட மாலை போட்டவங்களும் யாரும் குடிக்கல.'

'அப்புறம் எப்பிடி மறுபடி?'

'மாலையக் கழட்டுன அன்னிக்கே. டீக்கடையில நின்னேன், கூட்டாளி நீட்டுனான்.'

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இதற்குள் மாணவிக்கு என்னென்ன கிடைத்தது என்று வகுப்பைப் பட்டியல் போடச் சொல்லுங்கள். எழுந்தவுடன் பீடி, ஆகவே கடும் அடிமை. விட்டால் மலச்சிக்கல் வரும் என்ற பயம். 48 நாள் இருக்க முடிந்த மனிதர், ஆகவே 'என்னால முடியாது' என்ற பேச்சுக்கு அவர் வாயிலிருந்தே மறுப்பு வந்துவிட்டது. கூட இருப்பவர்கள் குடிக்காதவரை தாங்கியிருக்கிறார். ஆபத்தான இடம் டீக்கடை. நோயாளியை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளாமல் திட்டத்தில் பாதி வந்துவிட்டது. சபரிமலை மாலை, ரம்ஜான் நோன்பு, தவக்காலம் என்று நம் ஊரில் அநேகமாக எல்லோரும் ஒருமுறையாவது விட்டுப் பார்த்தவர்கள்தாம். 'எப்பவாச்சும் விட்டுருந்தீங்களா?' என்ற கேள்வியை ஒரு மாணவரும் விடாமல் கேட்கவைத்தால் இந்த வகுப்பு நடத்திய கூலி கிடைத்துவிட்டது.

இனி மாணவி சொல்ல வேண்டியதைச் சொல்லலாம். அது ஒன்றிரண்டு வாக்கியத்துக்குள், அன்று அவர் வந்த காரியத்தோடு ஒட்டியதாக இருக்க வேண்டும்.

'பல்லு எடுத்த குழியில ரத்தம் கட்டியா நின்னாத்தான் புண்ணு ஆறும். புகைய இழுத்தா அது கழண்டு வலி உயிரை எடுத்துரும். எப்படியும் மூணு நாளைக்குப் பீடி தொடக் கூடாது. அந்த மூணு நாளையே ஆரம்பமா வெச்சுக்கலாங்களாய்யா?'

பிடுங்கிய நாளையே விடும் நாளாக்குவது நம் துறைக்கு மட்டும் வாய்த்த ஒரு வழி. ஸ்கேலிங் செய்து பல் வெளுத்த நாளும், புதுப் பல்செட் மாட்டும் நாளும் இப்படிப் பயன்படும்.

பார்வையாளர் மூன்றே மூன்றைக் குறித்தால் போதும்: யார் அதிகம் பேசினார், 'கூடாது' எத்தனை முறை வந்தது, நோயாளி தானாகச் சொன்ன காரணம் ஒன்றாவது கிடைத்ததா. கைபேசியில் படம்பிடித்துப் போட்டுக் காட்டினால் திருத்தமே வேண்டியதில்லை. மாணவர்களுக்கு அது கொஞ்சமும் பிடிக்காது, ஆனால் செய்யுங்கள்.

கண்ணாடி பிடிக்கும்போது

கறையை, ஈறு இறங்கியதை, அண்ணத்தில் சாம்பல் நிறத்தின் நடுவே சிவப்புப் புள்ளிகளை நோயாளிக்குக் காட்டலாம். காட்டிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும், அவரே கேட்பார். புற்றுநோய்ப் படத் தொகுப்பை விரிக்கும் மாணவரைத் தடுத்துவிடுங்கள். பயந்தவர் அடுத்த முறை வரமாட்டார், வெளியே போனதும் பதற்றத்தில் ஒன்றைப் பற்றவைப்பார்.

வெள்ளைத் தழும்போ சிவப்புத் தழும்போ இருந்தால் அது தனி வேலை. வெள்ளை மட்டும் என்றால் பழக்கத்தை நிறுத்தி, உரசும் பல்லைத் தீட்டி, இரண்டு வாரத்தில் மறுபடி பார்த்து, மறையாவிட்டால் திசுப் பரிசோதனை. சிவப்பாகவோ கெட்டியாகவோ புண்ணாகவோ இருந்தால் இரண்டு வாரம்கூடப் பொறுக்க வேண்டாம். 'பீடியை விட்டுட்டேன், அப்ப டெஸ்ட் வேணாம்ல' என்று நோயாளி பேரம் பேசுவார். மாணவர் அதற்கு இணங்கிவிடக் கூடாது.

மருந்து

நிகோடின் கம் இந்தியாவில் 2 மி.கி., 4 மி.கி. என்று கிடைக்கிறது. 2 மி.கி.க்குச் சீட்டு தேவையில்லை. எழுந்து அரை மணி நேரத்துக்குள் பற்றவைக்கிறவருக்கு 4 மி.கி. பொருத்தம். ஆரம்பத்தில் மணிக்கு ஒன்று, இரண்டு மணிக்கு ஒன்று என்ற கணக்கு. ஒரு நாளில் 24க்கு மேல் கூடாது.

இதில் தோற்பவர்கள் பெரும்பாலும் மெல்லும் முறையில் தோற்கிறார்கள். சாதாரணச் சூயிங்கம்போல் மென்று விழுங்கினால் நிகோடின் வயிற்றுக்குள் போய் விக்கலும் எரிச்சலும்தான் மிஞ்சும். நாலைந்து முறை மெதுவாகக் கடிக்க வேண்டும், காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிக்கொள்ள வேண்டும், காரம் அடங்கினால் மறுபடி கடிக்க வேண்டும். ஒரு துண்டு அரை மணி நேரம் வரும். காப்பி, பழச்சாறு, சோடா குடித்துக் கால் மணி நேரம் கழித்துத்தான் வாயில் போட வேண்டும். புளிப்பு இருந்தால் கன்னத்துச் சவ்வு நிகோடினை இழுக்காது. ஹான்ஸ் அடக்கிப் பழகியவருக்கு இந்த ஒதுக்கும் வித்தையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாணவருக்குத்தான் வேண்டும். கடைச் சூயிங்கம் வாங்கிக் கொடுத்து வகுப்பில் செய்து பார்க்கச் சொல்லுங்கள். பழக்கமில்லாத மாணவர் வாயில் நிகோடின் கம் போடக் கூடாது.

யாருக்குக் கம் ஆகாது என்பதில் பல் மருத்துவர் மற்றவர்களைவிட உஷாராக இருக்க வேண்டும். பல்செட் போட்டவருக்கு அது ஒட்டி இழுக்கும். தாடை மூட்டில் வலி உள்ளவருக்கு வலி கூடும். நார்த்திசு நோயால் வாய் இறுகியவர் மெல்லவே சிரமப்படுவார். இவர்களுக்குத் தோலில் ஒட்டும் பட்டையோ சப்பும் மாத்திரையோதான் சரி. பட்டை ஒட்டும் இடத்தைத் தினமும் மாற்ற வேண்டும். கர்ப்பிணிக்கும், அண்மையில் மாரடைப்பு வந்தவருக்கும் பொது மருத்துவரைக் கேட்காமல் எதுவும் கொடுக்கக் கூடாது. புப்ரோபியான், வரெனிக்ளின் இரண்டும் மருத்துவர் கண்காணிப்பில் கொடுக்க வேண்டியவை. வலிப்பு வந்தவருக்குப் புப்ரோபியான் ஆகவே ஆகாது என்பது மட்டும் மாணவருக்கு மனப்பாடமாக இருக்கட்டும். இளைஞர்கள் இ-சிகரெட்டைப் பற்றிக் கேட்பார்கள். 2019 முதல் இந்தியாவில் அதன் விற்பனையே தடை, அதைப் பரிந்துரைக்க இடமில்லை.

முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியவை

விட்டபின் எரிச்சல், தூக்கமின்மை, பசி, கவனம் சிதறுவது எல்லாம் முதல் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், இரண்டு முதல் நான்கு வாரத்தில் அடங்கும். இதை எல்லாப் புத்தகமும் சொல்லும். வாயில் நடப்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

நிகோடின் ஈறின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி வைத்திருக்கும். அதனால் புகைப்பவரின் ஈறு நோயிருந்தும் ரத்தம் கசியாமல் 'நல்லா' இருக்கும். விட்ட சில வாரத்தில் பல் துலக்கும்போது ரத்தம் வரும். 'பீடி குடிச்சப்ப ஈறு நல்லாத்தான் இருந்துச்சு, விட்டதுலேர்ந்து ரத்தமா வருது' என்று நோயாளி வருவார், அல்லது வராமலே பீடிக்குத் திரும்பிவிடுவார். சிலருக்கு முதல் வாரங்களில் வாய்ப்புண்ணும் வரும். இரண்டும் வரக்கூடும், வந்தால் என்னிடம் வாங்க என்று விடும் நாளிலேயே சொல்லியிருந்தால் அது அவருக்கு எதிர்பார்த்த அறிகுறி.

மலச்சிக்கல் பேச்சை மாணவர்கள் கூச்சப்பட்டுத் தாண்டிப் போகிறார்கள். 'தம் அடிச்சாத்தான் வெளிக்கிப் போகும்' என்பது ஓ.பி.யில் திரும்பத் திரும்பக் கேட்கும் காரணம். நிகோடின் குடலைத் தூண்டுவது உண்மை, விட்டபின் சில வாரம் சிக்கல் வருவதும் உண்மை. எழுந்ததும் வெந்நீர், காய்கறி, கொய்யா, வாழைப்பழம், காலை நடை, அப்படியும் சரியாகாவிட்டால் சில நாளைக்கு மலமிளக்கி என்று திட்டத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். 'அதெல்லாம் மனப்பிரமை' என்று சொன்ன மாணவரை அந்த நோயாளி இனி நம்ப மாட்டார்.

வேட்கை எழுந்தால் சில நிமிடம் தாக்குப் பிடித்தால் அடங்கிவிடும். தள்ளிப்போடு, மூச்சை ஆழ இழு, தண்ணீர் குடி, கையை வேறு வேலையில் வை. மாணவர் இதை உபதேசமாகச் சொல்லாமல், அவர் நாளைக் கேட்டு அதில் பொருத்த வேண்டும். டீயோடு தம் என்றால் இரண்டு வாரத்துக்கு டீக்கடையை மாற்றலாம், அல்லது பார்சல் வாங்கி வேலையிடத்தில் குடிக்கலாம். பிராந்திக்கடை நண்பர்கள் என்றால் அந்த இரண்டு வாரம் குடியும் வேண்டாம். போதையில் விரதம் நிற்காது.

'விட மாட்டேன், எங்க தாத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் குடிச்சாரு' என்று சொல்கிறவரோடு வாதாடக் கூடாது. 'சரிங்கய்யா, எப்பவாச்சும் தோணுச்சுன்னா எங்கிட்ட வாங்க' என்று சொல்லி, ஷீட்டில் குறித்து, அடுத்த வருகையில் மறுபடி ஒரே ஒரு முறை கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

புகைக்கும் மாணவர்

விடுதியில் தம் அடிக்கும் மாணவர் நோயாளியிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவே கூசுவார். 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது. கல்லூரி வாசலுக்கு எதிர்க்கடையில் நோயாளியும் மாணவரும் ஒரே தீப்பெட்டியில் பற்றவைப்பதும் நடக்கிறது. வகுப்பில் கைதூக்கச் சொல்லி அவமானப்படுத்தாதீர்கள். உதவி வேண்டுகிறவர் தனியாக வரலாம், பெயர் எங்கும் போகாது என்று சொல்லி, சொன்னபடி நடங்கள். விட முயன்று தடுமாறிய மாணவர் அந்த ஆட்டோ ஓட்டுநர் அட்டையை மற்றவர்களைவிட நன்றாக நடிப்பார்.

மறுவருகையும் மதிப்பெண்ணும்

ஏற்பாடு குலையும் இடம் போஸ்டிங் மாறும் நாள். விடும் நாள் குறித்த நோயாளி அடுத்த வாரம் வரும்போது, குறித்த மாணவர் வேறு துறைக்குப் போயிருப்பார். ஆகவே புகையிலைப் பதிவேடு மாணவரிடம் இல்லாமல் துறையில் இருக்க வேண்டும். போஸ்டிங் முடியும்போது ஒப்படைக்கும் பட்டியலில் அதுவும் ஒரு உருப்படி. விட்ட மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் ஒரு மாதத்திலும் போனில் பேச வேண்டும். துறையின் போனிலிருந்து பேசுவது நல்லது. மாணவியின் சொந்த எண்ணைக் கொடுக்கச் சொல்லாதீர்கள். தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356. கட்டணமில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸிலும் இதற்கு ஒரு மையம் உண்டு. எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்தால் அது சட்டைப் பையிலேயே துவைபட்டுப் போகும். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே அவர் போனில் போடவைத்து, பேசத் தொடங்கியதும் மாணவர் நகர்ந்துவிட வேண்டும்.

எதற்கு மதிப்பெண் போடுவது? எத்தனை பேர் விட்டார்கள் என்பதற்குப் போடவே போடாதீர்கள். ஒரு துணையும் இல்லாமல் விட முயல்பவர்களில் ஓராண்டுக்குப் பின்னும் விட்டே இருப்பவர்கள் 100க்கு இரண்டு மூன்று பேர். மருத்துவரின் சுருக்கமான அறிவுரை அதோடு இன்னும் ஒருவர் முதல் மூவர் வரை சேர்க்கும். நிகோடின் மருந்து அந்த வாய்ப்பை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்கும். ஊர் முழுக்க இதைச் செய்தால் ஆயிரக்கணக்கான உயிர். ஆனால் 5 நோயாளி கோட்டா உள்ள மாணவர் ஒருவர்கூட விட்டதைப் பார்க்காமலே தேர்ச்சி பெறுவது இயல்பு. இதை முதல் வகுப்பிலேயே எண்ணோடு சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் இரண்டாவது நோயாளியிலேயே அவர் மனம் விட்டுப்போகும். விட்டவர் கணக்குக்கு மதிப்பெண் என்றாலோ, பதிவேடு முழுக்க வெற்றியாக நிரம்பும். ஊரே புகையிலையை விட்டிருக்கும்.

நான் பரிந்துரைப்பது: பொருளின் பெயர் சொல்லிக் கேட்டதற்கு 2, முந்தைய முயற்சியைக் கேட்டு எழுதியதற்கு 2, இரண்டு கேள்வி எடைக்கு 1, அன்றைய வாய் நிலையோடு ஒட்டிய அறிவுரைக்கு 1, நாள் குறித்துத் திட்டம் எழுதியதற்கு 2, போனில் பேசிய பதிவுக்கு 2. தேர்வில் ஏழு நிமிட நிலையம் ஒன்று, நடிகராக உங்கள் துறை உதவியாளரையே வைக்கலாம். அவர் மாணவர்களை வருடக்கணக்கில் பார்த்தவர், சுலபத்தில் மசிய மாட்டார். மாதம் ஒருமுறை பதிவேட்டிலிருந்து ஏதாவது இரண்டு பெயரை எடுத்து நீங்களே போன் போடுங்கள். 'போன வாரம் எங்க டாக்டர் உங்ககிட்ட பீடியப் பத்திப் பேசினாங்களா?' என்று கேட்டால் போதும். இப்படி ஒரு போன் போகிறது என்பது இரண்டு நாளில் விடுதி முழுக்கத் தெரிந்துவிடும்.

மறுபடி தொடங்கிய நோயாளி வந்தால் 'ஏன் ஆரம்பிச்சீங்க?' என்ற கேள்வியை மாணவர் வாயில் வரவிடாதீர்கள். 'எத்தனை நாள் இருந்தீங்க? எந்த இடத்துல, யாரோட இருந்தப்ப மறுபடி வந்துச்சு?' இந்த மூன்று பதிலையும் பதிவேட்டில் எழுதி, கம் எப்படி மென்றார் என்று ஒருமுறை செய்து காட்டச் சொல்லிப் பார்த்து, அடுத்த நாளை அவரையே குறிக்கச் சொல்ல வேண்டும்.